கண்ணாடிக்காரர் வாசலுக்கு வரும்போதெல்லாம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்துக் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை. என் அக்கா வீட்டுச் சண்டையிலிருந்து எடுத்தேன். கேட்காமல்தான் எடுத்தேன். ஒரு தம்பிக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் அப்புறம் என்ன தம்பி?

அக்கா ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்டா" என்றாள். அந்த ரெண்டு நாள் வாரமாகி, வாரம் மாதத்தை எட்டிப் பார்த்தது. எங்கள் சாப்பாட்டு மேசையின் ஒரு பாதி அவளுடைய அலுவலகமாகிவிட்டது. மறுபாதியில் நானும் என் மனைவியும் முழங்கை இடிக்க உட்கார்ந்து சாப்பிட்டோம். இந்த நாட்களில் அக்கா அத்தானைக் கூப்பிடவில்லை, அத்தானும் அக்காவைக் கூப்பிடவில்லை. கத்திச் சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, ஒரு நாளில் ஓய்ந்திருக்கும். இவர்கள் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். இப்படியே விட்டால் அந்தப் பெட்டி எங்கள் வீட்டிலேயே நின்றுவிடும் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒரே வேலை கதை எழுதுவது. சரி, நிஜத்தில் சேராதவர்களைக் கதையிலாவது சேர்த்துவைப்போம், அதைப் படித்தாவது அக்காவுக்கு மனசு இளகட்டும் என்று உட்கார்ந்தேன். காதில் பாட்டு ஓட, விரல்கள் பாட்டுக்கு ஓட, பிரமாதமாகத்தான் ஆரம்பித்தேன்.

2

தொடக்கம் ஒன்று:

"கண்ணாடிக்காரர் வாசலுக்கு வந்து நின்றார். அவள் கதவைத் திறந்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு,"

காற்புள்ளியோடு தொங்குகிறதே என்று பார்க்காதீர்கள். அந்த இடத்தில்தான் கணினி நின்றது. திரை உறைந்து, கருப்பில் வெள்ளை எழுத்துகள் பொலபொலவென்று கொட்டின. விசைப்பலகையில் ஒரு சின்ன விளக்கு பதறிப்போய் மினுக்மினுக்கென்று அடித்துக்கொண்டது. நான் பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். இதற்கெல்லாமா அசருவது?

(கண்ணாடிக்காரர் என்பது அத்தான்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கதையில் பெயர் மாற்றியிருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வதற்காக இப்படிக் கூப்பிட்டேன். இதைவிட மோசமாக ஒளித்துவைக்க முடியாது என்று என் மனைவி சொன்னாள்.)

தொடக்கம் இரண்டு:

"கண்ணாடிக்காரர் தெருமுனைவரை வந்து வந்து திரும்பிப் போனார். ஒரு நாள் துணிந்து வாசலுக்கே வந்துவிட்டார். அவளைப் பார்த்ததும் அவர் சொல்ல வந்தது"

மறுபடி கருப்புத் திரை. மறுபடி அந்த விளக்கு. மறுபடி பட்டன்.

தொடக்கம் மூன்றில் அவரைக் கண்ணாடிக் கடையிலிருந்து தூக்கி ஒரு தபால் நிலையத்தில் உட்காரவைத்தேன். வாசலுக்கு வந்தார், வாயைத் திறந்தார், நின்றது. தொடக்கம் நான்கில் வாசலே வேண்டாமென்று பேருந்து நிறுத்தத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கேயும் வாயைத் திறந்தார், அங்கேயும் நின்றது. அவளைப் பற்றி எழுதினால் ஓடுகிறது. அவளுடைய தம்பியைப் பற்றி எழுதினால் பறக்கிறது. இந்த மனுஷன் வாயைத் திறந்தால் மட்டும் கணினிக்கு உயிர் போகிறது.

வேறு ஒருவர் என்றால் இந்நேரம் கணினி தெரிந்த ஆளைக் கூப்பிட்டிருப்பார். நான் எழுத்தாளன். பாத்திரத்தைக் கூப்பிட்டு விசாரித்தேன். இவர் நம்பும்படியாக இல்லையோ, இவருக்கு வாழ்க்கையே இல்லையோ, அதனால்தான் கணினியே ஒப்புக்கொள்ள மறுக்கிறதோ என்றெல்லாம் யோசித்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன்.

தொடக்கம் ஐந்து:

"கண்ணாடிக்காரர் இறந்து ஒரு வருடமாகியிருந்தது."

அடடா, என்ன ஓட்டம்! பக்கம் பக்கமாக ஓடியது. கணினி ஒரு முறைகூட முனகவில்லை. என் சந்தேகம் உறுதியாகிவிட்டது. கோளாறு முழுக்க முழுக்க அத்தானிடம்தான்.

3

நீங்கள் கேட்பது புரிகிறது. வீட்டிலேயே, சாப்பாட்டு மேசையில், இந்த வேலைக்கென்றே படித்த ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே, அவளைக் கேட்டால் என்ன? கேட்டால் என்ன எழுதுகிறாய் என்று எட்டிப் பார்ப்பாளே! உன் புருஷனைத்தான் போட்டுத்தள்ளிவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று எந்தத் தம்பி சொல்வான்?

சண்டையை இங்கே சொல்லிவிட வேண்டும். அக்காவுக்கு வேலையே, நின்றுபோன சர்வர் கணினிகள் ஏன் நின்றன என்று கண்டுபிடிப்பது. நிற்கும்போது அவை கடைசியாகத் திரையில் எதையாவது கொட்டிவிட்டுத்தான் நிற்கும். ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, இவள் அதை எழுத்து எழுத்தாக வாசித்துக்கொண்டிருப்பாள். அன்றைக்கும் அப்படி ஒன்றை வாசிக்கும்போது அத்தான் போன் செய்தார். துண்டித்தாள். மறுபடி செய்தார். மறுபடி துண்டித்து, போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அத்தான் அந்த நேரத்தில் தன் கடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். புது போர்டு மாட்ட ஏணியில் ஏறி, ஏணி சறுக்கி, வலது மணிக்கட்டு முறிந்துபோயிருந்தது. இடது கையால் எண்ணைத் தேடித் தேடி அழுத்தியிருக்கிறார். அப்புறம் பக்கத்துக் கடைக்காரர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அக்கா வீட்டுக்கு வந்தபோது மாவுக்கட்டோடு சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"மெஷின் நின்னா அது கடைசியா என்ன சொல்லிச்சுன்னு தேடித்தேடிப் படிக்கிறே. நான் கூப்பிட்டா எடுக்கக்கூட முடியல, இல்ல?" என்றார்.

அக்காவிடம் நியாயம் இருந்தது. போனை எடுத்திருந்தால் எத்தனை பேருக்கு என்னென்ன நின்றிருக்கும் என்று வரிசையாகச் சொன்னாள். சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. கையைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. அத்தான் "சரி" என்றார். அதோடு அந்த வீட்டில் பேச்சு நின்றது.

இருவரிடமும் தனித்தனியாகப் பேசிப் பார்த்தேன். அக்கா, "நான் என்னடா பேசறது? அவரு கூப்பிடட்டும்" என்றாள். அத்தான், "நான்தான் கூப்பிட்டுட்டேனே மச்சான், எடுக்கலியே" என்றார். இதற்குமேல் நான் யாரிடம் போவது?

"கதையில சேத்து வைக்கிறதெல்லாம் இருக்கட்டும், நீங்களே நம்பரப் போட்டு அவங்க கையில குடுங்களேன்" என்றாள் என் மனைவி.

"அப்படிப் பண்ணா அதுல கதை எங்க இருக்கு?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை.

4

பேராசை யாரை விட்டது? இறந்துபோன கண்ணாடிக்காரரை அவள் நினைத்துப் பார்ப்பதாக ஒரு பழைய காட்சி வைத்தால் படிப்பவர் கண் கலங்குமே என்று தோன்றியது. வைத்தேன்.

"அவளுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. வாசலில் நின்றபடி அவர் சிரித்தார். பிறகு மெதுவாக,"

நின்றது. செத்தும் விடவில்லை மனுஷன். எரிச்சலோடு பட்டனுக்குக் கையை நீட்டினேன்.

"தொடாதே!"

பால்கனியில் காயப்போட வேண்டிய துணி வாளியோடு அக்கா என் பின்னால் நின்றிருந்தாள். ஈரத் துணியெல்லாம் அப்படியே கிடக்க, வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"கைய எடு. இது எத்தனை தடவையாடா நடக்குது?"

"கொஞ்ச நாளா."

"என்ன பண்ணுவே?"

"அணைச்சுப் போடுவேன்."

"படிக்காமலா?"

"இதுல என்னக்கா படிக்க இருக்கு? எல்லாம் கிறுக்கல்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "இருந்த தடயத்தையெல்லாம் தொடச்சுட்டு உக்காந்திருக்கான். அது பாவம் விழறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான்டா விழுது" என்றபடி திரையைப் போனில் படம் பிடித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இனி அவளை யாரும் எழுப்ப முடியாது.

(தெரியாதவர்களுக்காக இடையில் ஒரு வார்த்தை. கணினிக்குள் எத்தனை நிரல் ஓடினாலும், நினைவகத்தைத் தொடுவதென்றாலும் சத்தம் எழுப்புவதென்றாலும் எல்லாம் ஒருவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். அவர்தான் கர்னல், இயங்குதளத்தின் ஆணிவேர். நாம் கதை எழுதப் பயன்படுத்தும் நிரல் விழுந்தால் அது மட்டும் விழும். கர்னலே விழுந்தால் கேட்பதற்கு ஆளில்லாமல் மொத்தமும் நின்றுவிடும். இந்த விளக்கம் சரியா என்று அக்காவிடம் கேட்டேன். "போதும், பயமுறுத்தாதே" என்றாள்.)

"இங்க பாரு. யாரு யாரைக் கூப்பிட்டாங்கன்னு வரிசையா இருக்கு. மேல இருக்கறது விழுந்த இடம். அதுக்குக் கீழ இருக்கறதெல்லாம் அதைக் கூப்பிட்டது. விழுந்தது சவுண்ட் டிரைவர் மாதிரி தெரியுது. சத்தத்த ஓட்டற நிரல்."

"என் கதைக்கும் சத்தத்துக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"அதத்தான் கேக்கறேன். ஆனா மெமரி கெட்டிருந்தாலும் கண்ட இடத்துல விழும். மொதல்ல அதப் பாத்துடுவோம்."

ஒரு பகல் முழுக்க நினைவகத்தைச் சோதித்தாள். சுத்தமாக இருந்தது. போன மாதம் இயங்குதளத்தைப் புதுப்பித்த பிறகுதான் இந்தத் தொல்லை என்பதை என்னிடமிருந்து கறந்தாள். பழைய கர்னலுக்கே திரும்பிப் போகலாம் என்று தேடினால், இடம் போதவில்லையென்று அதை நான் அழித்திருந்தேன். திட்டினாள், வாங்கிக்கொண்டேன். எதற்கும் அவள் ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை மாற்றவில்லை. ஒன்றை மாற்றுவாள், பார்ப்பாள், பழையபடி வைப்பாள், அடுத்ததற்குப் போவாள்.

அப்புறம், ஒவ்வொரு முறை விழும்போதும் நான் எங்கே இருந்தேன் என்று தெரிய வேண்டுமென்று, தானாகச் சேமிக்கப்பட்ட வரைவுகளைத் திறக்கச் சொன்னாள்.

நான் குளிக்கப் போகிறேன் என்றேன். "உக்காரு" என்றாள்.

5

[இந்தப் பகுதியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அக்கா அழுதாள், ஒன்றில் என்னை அறைந்தாள். நடந்தது இதுதான்.]

ஒன்றை வாசித்தாள். இரண்டை வாசித்தாள். தபால் நிலையத்தில் லேசாகச் சிரித்தாள். ஐந்தாவதைத் திறந்தாள். முதல் வரியில் நின்றுவிட்டாள். கீழே போகவே இல்லை.

"ஏன்டா அவரக் கொன்னே?"

"மெஷின் விழக்கூடாதுன்னுதான்க்கா."

"கொன்னா விழலியா?"

"விழல. அந்தப் பழைய காட்சிய வெக்கிற வரைக்கும் நல்லா ஓடிச்சு."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். எதை வாசித்தாலும் அடுத்த வரிக்குப் போய்விடுகிறவள். அந்த ஒரு வரியை அவளால் தாண்ட முடியவில்லை. விளையாட்டுக்கு எழுதியதுதான், ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்தபோது நிஜமாகவே யாரையோ கொன்றுவிட்ட மாதிரி இருந்தது.

"மாவுக்கட்டு இந்நேரம் பிரிச்சிருப்பாங்க" என்றாள் திடீரென்று. "வலது கை வேற. லென்ஸ் அறுக்கறதுக்கு, ஸ்க்ரூ முடுக்கறதுக்கு, எல்லாத்துக்கும் அந்தக் கைதான் வேணும் அவருக்கு."

"கேட்டியாக்கா?"

"கேக்கல."

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாற்காலியை நெருக்கிப் போட்டாள். "சரி. அவர உயிரோட கொண்டு வா."

"என்னது?"

"விழறது என் கண்ணு முன்னாடி திரும்ப நடக்கணும்டா. நடந்தாத்தான் ஏன்னு சொல்ல முடியும். அந்த வரிய அழி. அவர வாசலுக்குக் கொண்டு வா."

அழித்தேன். ஒரு வருடம் முன்பு செத்தவர் ஒரு விரல் அசைவில் எழுந்து உட்கார்ந்தார். இலக்கியத்தில் இதெல்லாம் சகஜம்.

6

பாட்டைப் போட்டேன். கண்ணாடிக்காரரைத் தெருவில் நடக்கவிட்டேன். அக்கா திரையைப் பார்க்கவில்லை, என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதும்போது ஒருத்தி கையையே பார்ப்பது, சாப்பிடும்போது வாயைப் பார்ப்பதைவிட மோசம். ஆனாலும் எழுதினேன்.

"கண்ணாடிக்காரர் வாசலுக்கு வந்து நின்றார். அவள் கதவைத் திறந்தாள். அவர்"

யோசித்தேன். என்னதான் சொல்வார் இந்த ஆள்? "மன்னிச்சிடு" என்பாரா? அவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? "வா போகலாம்" என்பாரா? அது அவர் வாயில் வராதே. யோசித்து யோசித்து, கடைசியில் ஒரு வார்த்தை தட்டுப்பட்ட மாதிரி இருந்தது. எழுத ஆரம்பித்தேன்.

"அவர் தன் கையை முன்னால்"

கருப்புத் திரை. மினுக்மினுக்.

"பாத்தியா! நான் சொல்லல? இவருதான்!" என்று கத்தினேன்.

"சும்மா இரு. இப்ப என்ன பண்ணே?"

"அவர் கைய நீட்டறார்னு எழுதினேன்."

"அது கதை. நீ என்ன பண்ணே? உன் இடது கை என்ன பண்ணிச்சு?"

எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. அவளே சொன்னாள். "யோசிக்கறதுக்கு முன்னாடி பாட்ட நிறுத்தினே. எவ்வளவு நேரம் மோட்டுவளையப் பாத்துட்டிருந்தே தெரியுமா? அப்புறம் எழுத ஆரம்பிச்சதும் திரும்ப பாட்டப் போட்டே. போட்ட நொடி விழுந்துடுச்சு."

அப்படியா செய்கிறேன்? செய்கிறேன் போலிருக்கிறது. கைபோன போக்கில் எழுதும்போது பாட்டு ஓடும். யோசிக்க வேண்டுமென்றால் நிறுத்திவிடுவேன். அக்காவைப் பற்றி எழுத யோசிக்கவே வேண்டாம், கூடவே வளர்ந்தவள். தம்பியைப் பற்றி எழுதக் கேட்கவே வேண்டாம். அத்தான் வாயைத் திறக்கும் இடத்தில் மட்டும்தான் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் அங்கேதான் பாட்டு நின்றிருக்கிறது. செத்துப்போன ஐந்தாவது வரைவில், அந்தப் பழைய காட்சி வரும்வரை, அவர் பேச வேண்டிய அவசியமில்லை, பாட்டும் நிற்கவில்லை.

அக்கா கணினியை மறுபடி எழுப்பினாள். கதையைத் திறக்கவே இல்லை. வெறும் பாட்டு. நிறுத்தினாள். கைகட்டிக் காத்திருந்தாள். மறுபடி போட்டாள். விழுந்தது.

"உறுதியாயிடுச்சு. கொஞ்ச நேரம் சத்தமே இல்லன்னா, கரண்ட மிச்சம் பிடிக்க சவுண்ட் கார்டு தூங்கப் போயிடுது. போறப்ப தன் இடத்தக் காலி பண்ணிட்டுப் போகுது. நீ திரும்ப பாட்டப் போட்டா, டிரைவர் பழைய இடத்துக்கே போய்க் கதவத் தட்டுது. அங்க யாரும் இல்ல. அவ்வளவுதான், கர்னல் மொத்தமா விழுந்துடுது."

"அப்ப அத்தான்?"

"அவரு என்ன பண்ணாரு பாவம்? அவரு ஒண்ணுமே பண்ணல" என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. எழுந்து போய் கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மறுபடி அலசிவிட்டு வந்தாள். அவை அலச வேண்டிய நிலையில் இல்லை, நேற்றே காய்ந்தவை.

7

தீர்வு ஒரே ஒரு வரி. அமைப்புகளில், ஒலி அட்டை தூங்கவே கூடாது என்று எழுதிவைத்தாள். பாட்டை நிறுத்தினோம், என் மனைவி கூப்பிட்டாள் என்று போய்ச் சாப்பிட்டுவிட்டே வந்தோம், மறுபடி போட்டோம். பாடியது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

"சரியாயிடுச்சா?" என்றேன்.

"சரியாகல. கோளாறு அப்படியேதான் இருக்கு. டிரைவர எழுதறவங்களுக்கு விவரமா அனுப்பியிருக்கேன். அவங்க ஒத்துக்கணும், திருத்தணும், அது வரணும். நாளாகும். அதுவரைக்கும் இப்படிச் சுத்திப் போக வேண்டியதுதான்."

"சுத்திப் போறது பூசி மெழுகற வேலை இல்லியா?"

"எங்க விழும்னு தெரியாம ஓட்டினாத்தான் பூசி மெழுகறது. இப்பதான் தெரிஞ்சுபோச்சே. தூங்கவிடாம பாத்துக்கிட்டாப் போதும். அதுக்குன்னு பெருசா ஒண்ணும் பண்ண வேண்டாம். லேசா சத்தம் இருந்துட்டே இருந்தாலே போதும்."

[இங்கே ஓர் உவமை இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த உவமை. அக்கா வாசித்துவிட்டு, "மெஷின் மெஷின்தான்டா, அவரு அவருதான். ரெண்டையும் போட்டுக் குழப்பாதே" என்று அழித்துவிட்டாள்.]

8

இனி முடிவு. கணினி திடமாக இருக்கிறது, பாட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுத்தலாம். சாக்குச் சொல்ல வழியில்லை.

முடிவு அ: கண்ணாடிக்காரர் வாசலுக்கு வருகிறார், கட்டுப் பிரித்த கையோடு. அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள்.

"அவரு வரமாட்டாரு" என்றாள் அக்கா என் தோளுக்குப் பின்னாலிருந்து. இப்போதெல்லாம் கேட்டுவிட்டு வாசிப்பதில்லை. எனக்கும் கேட்டுவிட்டு எழுதும் பழக்கமில்லை என்பதால் வாயை மூடிக்கொண்டேன். "அவரு கூப்பிட வேண்டிய தடவை கூப்பிட்டாச்சு. நான்தான் எடுக்கல."

முடிவு ஆ: அவள் கண் பரிசோதனைக்கு வந்தவள்போல அவர் கடைக்குப் போகிறாள். அவர் எதிர்ச் சுவரிலிருக்கும் எழுத்துகளைக் காட்டி, "என்ன தெரியுது, படிங்க" என்கிறார். அவள் எழுத்து எழுத்தாகப் படிக்கிறாள். கடைசி வரிவரைக்கும்.

இதை எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. பெருமையோடு திரும்பிப் பார்த்தேன்.

"சினிமா" என்றாள் அக்கா.

"நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதே, நான் எதுக்குடா போகணும்?"

முடிவு இ என்று தட்டச்சு செய்துவிட்டு, யோசிப்பதற்காகப் பாட்டை நிறுத்தினேன். அறை அமைதியாகிவிட்டது. வெளியே யாரோ ஒரு வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அக்கா என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அப்புறம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். பால்கனியில், காயும் துணிகளுக்கு நடுவே, போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

என் மனைவி அடுப்பங்கரை வாசலில் கரண்டியோடு நின்று என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

மணி அடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அக்கா துணி மாட்டும் கிளிப் ஒன்றைக் கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள். அத்தான் எடுக்காவிட்டால் என்ன செய்வாள் என்று நினைக்கும்போதே அவள் தோள் லேசாக இறங்கியது. எடுத்துவிட்டார்.

"நான்தாங்க" என்றாள். "ஒண்ணுமில்ல. சும்மாதான்." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "கை எப்படி இருக்கு?"

அத்தான் குரல் இங்கே கேட்கவில்லை. அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தொடக்கம் ஒன்றிலிருந்தே தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கணினி ஒரு தடவைகூட விழுந்திருக்காது. அவரை நான் தபால் நிலையத்துக்கு அனுப்பியிருக்கிறேன், பேருந்து நிறுத்தத்தில் நிற்கவைத்திருக்கிறேன், கொன்றிருக்கிறேன். இனி அவர் வாயில் என் வார்த்தையைப் போடுவது நியாயமில்லை. கதையை இதுவரை வாசித்த நீங்கள் என்னைவிட நல்லவர்களாகத்தான் இருப்பீர்கள். அவருடைய பதிலை நீங்கள் எழுதுங்கள்.

"கை எப்படி இருக்கு?"

"                    "

ரொம்ப நேரம் யோசிக்காதீர்கள். அக்கா லைனில் இருக்கிறாள்.